வாயில்லாத் தோழரும் வாயுள்ள நன்றிகேடரும்

மாட்டுக்கு நன்றி பாராட்டுவது மாற்றாரின் வழக்கம். முஸ்லிமுக்கு நன்றி என்பது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. கால்நடை மனிதனுக்கு வசப்படுத்தப்பட்ட பொருள். பொருளுக்கு எவரேனும் நன்றி கூறுவரோ? இவ்வாறு வினவுவோர் நம்மவருள் பெருகி வருகின்றனர். கேட்பதற்குத் தவ்ஹீதின் முழக்கம்போல் இருக்கிறது. உள்ளே நுழைந்து பார்த்தாலோ, சோம்பலும் கல்நெஞ்சமும் தலைப்பாகை கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கின்றன.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் கலந்தொலிக்கும் வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊர்களை இவர்கள் ஒருமுறை சுற்றி வரட்டும். பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வண்டி ஏறிவிட்ட வீடுகளில், வைகறையில் பாட்டிமாரை முதன்முதல் அழைக்கும் குரல் கறவைப் பசுவினுடையது. பகல் முழுதும் அவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பதும் அதுவே. கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்து நிற்கும் இரவுகளில் காட்டுப் பன்றியும் யானையும் இறங்குமே என்று அஞ்சி விழித்திருக்கும் குடியானவனுக்குத் துணை யார்? பரணடியில் படுத்திருக்கும் நாய். இவை பொருள்கள் என்றால் தோழமை என்னும் சொல்லை அகராதியிலிருந்து அகற்றிவிடலாம்.

நன்றி அல்லாஹ்வுக்கே உரியது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கு நன்றி செலுத்தியவனாகான் என்னும் கருத்துள்ள நபிமொழியை இவர்கள் எங்கே மறைத்து வைத்தனர்? அது மனிதரைப் பற்றியதாயிற்றே என்பார்கள். சரி, சொல்லையே ஆராய்வோம். 'ஷுக்ர்' என்னும் அரபுச் சொல்லை விளக்கவந்த இமாம் இராகிப் அல்-இஸ்ஃபஹானீ தம் 'முஃப்ரதாத்' நூலில் கால்நடையைத்தான் சான்றுக்கு அழைக்கிறார். தன்னைப் பேணியவனின் உபகாரத்தைத் தன் கொழுமையால் வெளிக்காட்டும் பிராணியை அரபியர் 'தாப்பத்துன் ஷகூர்' என்றனர். உபகாரத்தை வெளிப்படுத்துவது ஷுக்ர். மூடி மறைப்பது குஃப்ர். நன்றி என்னும் பாடத்தை அரபு மொழி தொழுவத்தில் காட்டியிருக்க, நம் மேடைப் புலவர்கள் தொழுவத்துக்கும் நன்றிக்கும் தொடர்பே இல்லை என்கிறார்கள்!

கால்நடைகளின் கம்பளியையும் பயன்களையும் எடுத்துரைக்கும் 'நஹ்ல்' அத்தியாயம், மாலையில் அவை வீடு திரும்புவதிலும் காலையில் மேய்ச்சலுக்குச் செல்வதிலும் நமக்கு அழகு உண்டென்று சொல்லத் தவறவில்லை. பாலும் இறைச்சியும் மட்டுமே கருதப்பட்டிருப்பின் அழகுக்கு அங்கே என்ன வேலை? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் ஒட்டகத்துக்குக் கஸ்வா என்றும், கோவேறு கழுதைக்குத் துல்துல் என்றும் பெயர்கள் இருந்தன. வெறும் பொருளைப் பெயர் சொல்லி அழைப்பாருண்டோ?

நாயைப் பற்றிப் பேசினால் இவர்களின் முகம் சுளிக்கிறது. நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண்ணால் கழுவ வேண்டும் என்னும் ஷாஃபியீ சட்டத்தை நாமும் ஓதியிருக்கிறோம். ஓதிக் கொடுத்தும் வருகிறோம். மாலிக்கீ மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே என்பதையும் அறிவோம். ஆனால் அது பாத்திரத்தைக் கழுவும் சட்டம். நாயைக் கல்லால் அடிக்கும் சட்டம் அன்று. வேட்டைக்கும் மந்தைக்கும் விளைநிலக் காவலுக்கும் நாய் வளர்க்க அனுமதி ஹதீஸிலேயே இருக்கிறது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவன் மன்னிக்கப்பட்டான். குகைத் தோழர்கள் எத்தனை பேர் என்பதில் மக்கள் வேறுபட்டுக் கூறிய எண்ணிக்கைகளைத் திருமறை எடுத்துக் காட்டுகிறது. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் அவர்களின் நாய் சேர்த்தே எண்ணப்படுகிறது. வெறிநாய்க்கடி கொடியது, தெருநாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யவேண்டியது ஊராட்சியின் கடமை. அதைக் கேட்டு மனுக்கொடுக்க ஒருவரும் புறப்படக் காணோம். கல் பொறுக்க மட்டும் கைகள் பல.

தமிழ் முஸ்லிம்களுக்கு இது புதிய பாடமும் அன்று. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றே ஒரு படலம் வகுத்தார். வேடன் கையில் அகப்பட்ட பிணைமான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்க, நபிகளார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாமல் மீள்கிறது. இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடரில் ஹதீஸ் கலை வல்லார் சிலர் குறை கண்டதுண்டு. அதை மறைக்க மாட்டோம். ஆனால் பசியாலும் ஓயா வேலையாலும் நொந்து கண்ணீர் விட்ட ஒட்டகத்தைத் தடவிக் கொடுத்து, அதன் உரிமையாளரை அழைத்துக் கண்டித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறதே! அதற்கு என்ன சொல்வார்கள்?

இன்னொரு கூட்டமும் உண்டு. பெங்களூர்ச் சந்தையில் பெரும்பணம் கொடுத்து நீண்ட மயிர்ப் பூனையை வாங்கிப் படம் எடுத்து நண்பர்க்கெல்லாம் காட்டி, நோய் கண்டதும் சாக்கில் கட்டி ஊர்ப்புறத்தில் விட்டு வருவோர். இவர்களை விலங்கன்பர் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் கேடு.

நன்றி என்றால் கொம்புக்கு வண்ணம் பூசு என்றோ, ஆரத்தி எடு என்றோ நாம் கூறவில்லை. ஃபிக்ஹு நூல்கள் கூறுவதையே கூறுகிறோம். கன்றுக்குத் தீங்கு நேரும் அளவுக்குப் பால் கறத்தல் ஆகாது. கறப்பவன் மடியை நோகச் செய்யாதிருக்க நகம் களைந்திருத்தல் நன்று. தேனெடுப்பவன் தேனீக்களுக்கென்று கூட்டில் சிறிது விட்டுவைக்க வேண்டும். இவ்வளவும் இமாம் நவவீ போன்றோர் எழுதிவைத்தவை. தீனி போடாதவனை, தீனி போடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடு என்று காழீ கட்டாயப்படுத்துவார் என்கிறது ஷாஃபியீ சட்டம். ஹனஃபீ மத்ஹபிலும் தீனி அளிப்பது இறைவனிடத்தில் கடமை. இமாம் அபூயூசுஃபோ காழீயும் கட்டாயப்படுத்தலாம் என்றார். உழைத்து ஓய்ந்த காளையைச் சாலையோரத்தில் அவிழ்த்துவிட எந்த மத்ஹபில் எந்தப் பக்கத்தில் அனுமதி இருக்கிறதென்று, மேடையில் முழங்கும் பெருமக்கள் கிதாபைத் திறந்து காட்டட்டும்.