கடிகார முகப்பிற் பொறித்த ஆண்டு

சுவிற்சர்லாந்துக் கடிகார நிறுவனங்கள் தம் பெயரோடு ஓர் ஆண்டையும் சேர்த்து விளம்பரஞ் செய்தல் வழக்கம். அவ்வாண்டையே வரலாறெனக் கொள்வார் பலர். அது தகாது என்பதே எமது துணிபு. எந்த ஆவணம் சான்று, அன்று தொடங்கியது இன்றும் அறாது தொடர்கின்றதா என வினவுதல் வேண்டும்.

வஷ்ரோன் நிறுவனத்தார் 1755 என்பர். ஜெனிவா நகரில் ழான் மார்க் வஷ்ரோன் பயிலுநன் ஒருவனை ஏற்று அவ்வாண்டு செய்த ஒப்பந்தமே அதற்கு ஆதாரம். இஃது ஏற்புடையதே.

பிளாங்பான் கதை வேறு. வில்லெறே என்னும் சிற்றூரின் பதிவேட்டில் 1735இல் அக்குடும்பத்தான் ஒருவன் கடிகாரத் தொழிலாளனாகக் குறிக்கப்பட்டுள்ளான், அதனை ஐயுறவில்லை. ஆனால், 1932இல் குடும்பத் தலைவர் இறந்தபின், உதவியாளராயிருந்த பெற்றி பீக்டர் அம்மையார் பொறுப்பேற்றார். குடும்பத்தார் இன்மையாற் பெயரும் 'றேவில்' என மாறிற்று. ஊர்ப்பெயரின் ஒலிகளை முன்பின்னாக மாற்றிப் புனைந்த பெயரது. 1970களில், குவாட்ஸ் கடிகாரங்களின் வரவால் சுவிஸ் தொழில் தளர்ந்தபோது, பிளாங்பான் பெயரும் மங்கி மறைந்தது. பின்னர் ழான் குளோட் பீவரும் ழாக் பீகேயும் அப்பெயரை விலைக்கு வாங்கி, 1983 அளவில் வேறோர் ஊரிலே தொழிலைத் தொடங்கினர். கடிகாரங்கள் சிறந்தனவே. ஆயினும், நிலத்தை வாங்கியவன் முன்னிருந்தாரின் குலத்தையும் வாங்கியதாகக் கூறலாமோ?

றோலெக்ஸைச் சுவிஸ் மண்ணிலே முளைத்ததென்று எண்ணுவாரும் உளர். ஜேர்மனியிற் பிறந்த ஹான்ஸ் வில்ஸ்டோவ் 1905இல் அதற்கு அடிகோலியது இலண்டன் மாநகரிலாகும்.