பட்டியலைக் கேட்டு வாங்குவோம்



இந்தியாவுடன் வர்த்தக உடன்படிக்கை என்ற செய்தி வரும்போதெல்லாம் எமது மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி எழும். "இதால எங்கட வெங்காயத்துக்கு விலை விழுமோ?" என்று கேட்பார்கள். கணவனை இழந்து, நாலு பரப்புத் தோட்டத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒருத்திக்கு இது வயிற்றோடு சம்பந்தப்பட்ட கேள்வி. ஆகவே இம்முறை இதைப்பற்றியே எழுதுகிறேன்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசெம்பர் 28ஆம் திகதி புதுடில்லியில் கைச்சாத்தானது. அப்போது அங்கே பிரதமர் வாஜ்பாய், இங்கே ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டுப் பொருள் மற்ற நாட்டுக்குள் போகும்போது அறவிடும் சுங்கத் தீர்வையைக் குறைப்பதும் நீக்குவதும்தான் அதன் நோக்கம். நாம் சிறிய நாடு என்பதால், இந்தியா 3 ஆண்டுகளிலும் நாம் 8 ஆண்டுகளிலும் தீர்வையை நீக்குவதென்று ஒத்துக்கொள்ளப்பட்டது.

ஆனால் எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. எந்தப் பொருளுக்குச் சலுகை இல்லை என்று இரு நாடுகளும் தனித்தனிப் பட்டியல் வைத்தன. இந்தியாவின் பட்டியலில் 429 பொருட்கள், எமது பட்டியலில் 1180 பொருட்கள். எமது விவசாய உற்பத்திகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள் வைத்துப் பாதுகாக்கப்பட்டது.

இந்தியாவும் தன் உற்பத்தியாளரைப் பாதுகாத்துக்கொண்டது. எமது தேயிலைக்கு ஆண்டுக்கு 1 கோடி 50 இலட்சம் கிலோ வரையில்தான் சலுகை. தைத்த ஆடைக்கு 80 இலட்சம் உருப்படிகள். அதிலும் 60 இலட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்கவேண்டும். குறிப்பிட்ட சில துறைமுகங்களால் மட்டுமே அவற்றை இறக்கலாம் என்றும் இருந்தது. ஆடைக்கான நிபந்தனைகள் பின்னாளில் தளர்த்தப்பட்டன. ஆனாலும் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் எமது பிள்ளைகளுக்கு ஆரம்ப ஆண்டுகளில் அந்தக் கதவு அரைவாசிதான் திறந்திருந்தது.

வனஸ்பதியின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் பாம் எண்ணெய்க்குத் தீர்வை அதிகம், இங்கே குறைவு. ஆகவே முதலாளிமார், அவர்களில் இந்தியர்களும் பலர், இங்கே தொழிற்சாலை போட்டு வனஸ்பதி செய்து தீர்வையில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஏற்றுமதிக் கணக்கு மளமளவென்று ஏறியது. அங்குள்ள உற்பத்தியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2006இல் ஆண்டுக்கு 2,50,000 தொன் என்று எல்லை போடப்பட்டது. பிறகு இந்தியா பாம் எண்ணெய்த் தீர்வையையும் குறைத்தது. இங்கே தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அங்கே ஒரு துறையின் முறைப்பாட்டோடு முடிந்த விஷயத்தில், இங்கே வேலை செய்தவர்களின் அடுப்பு அணைந்தது. பெரிய நாட்டோடு செய்யும் உடன்படிக்கையில் எமக்குள்ள ஆபத்து இதுதான்.

இனி வெங்காயத்துக்கு வருவோம். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் பொன் விளைந்ததுபோல் விற்றதை எமது தாய்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1977இல் சந்தை திறக்கப்பட்டது, விலை விழுந்தது. அப்போது இந்தச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இருக்கவில்லை. பிற்காலத்திலும் வெங்காயம், கிழங்கு, மிளகாய் ஆகியவற்றின் விலையைப் பெரிதும் ஆட்டிவைத்தது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட விசேட வியாபாரப் பண்ட அறவீடு. நிதியமைச்சர் வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் போட்டால் அது கூடும் அல்லது குறையும். அறுவடை நேரத்தில் அது குறைந்தால் கிண்டி எடுத்த வெங்காயத்துக்குக் கூலிக் காசும் தேறாது. பட்டணத்தில் வாங்கிச் சமைப்பவளுக்கோ அதே குறைப்பு ஆறுதல். இரண்டு பேரும் பெண்கள்தான் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

முதல் உடன்படிக்கையை விரிவாக்கி, சேவைகளையும் முதலீட்டையும் சேர்க்கும் 'சீபா' என்ற உடன்படிக்கைக்கு 2005 முதல் பேச்சு நடந்தது. 2008இல் கைச்சாத்தாகும் என்றார்கள், எதிர்ப்பினால் நின்றுபோனது. 2016இல் 'எட்கா' என்ற பெயரில் மீண்டும் பேச்சு, 2023இல் மறுபடியும் பேச்சு. வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வர்த்தகர்களும் தத்தம் சங்கங்கள் மூலம் தங்கள் பயத்தைச் சொன்னார்கள். வெங்காயம் கிண்டுபவளுக்கும் கருவாடு போடுபவளுக்கும் பனையோலை பின்னுபவளுக்கும் அப்படிப் பேச யார் இருந்தார்கள்?

ஆகவே 'இந்தியா வருகிறது' என்று பயமுறுத்துபவரையும், 'எல்லாம் நன்மைக்கே' என்பவரையும் ஒரேமாதிரிக் கேளுங்கள்: எங்கள் பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது? எத்தனை ஆண்டுகளுக்கு? அளவு எல்லை உண்டா? கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு ஆண்களை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய் அறுவடை மாதத்தையும் செய்கைச் செலவையும் எழுத்தில் கொடுங்கள். குழுவாக உற்பத்தி செய்து இந்தியாவுக்கு அனுப்ப எண்ணும் சகோதரிகள், சலுகை பெறுவதற்கான உற்பத்தி மூலச் சான்றிதழ் பற்றி வர்த்தகத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

கைச்சாத்திட்ட பிறகு அழுவதைவிட அதற்கு முன் கேட்பது மேல். எமது பெயரில் செய்யப்படும் உடன்படிக்கையைப் பற்றிக் கேட்க எமக்கு உரிமை உண்டு.