அபூர்வம் என்றொரு அளவுகோல்

"பெஸ்ஸி ஸ்மித் எல்லாம் மேடைப் பாட்டுங்க மேடம். பளபளன்னு உடுத்திக்கிட்டு, பின்னாடி பேண்டு வெச்சுக்கிட்டுப் பாடுனது. நீங்க அசல் ப்ளூஸ் கேக்கணும்."

சில ஆண்டுகளுக்கு முன், பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் கூடிய ஒரு வீட்டு மாடியில் எனக்குக் கிடைத்த அறிவுரை இது. பதினோரு பேர் இருந்தோம். பெண் நான் ஒருத்திதான். அந்த வீட்டு அம்மா தேநீர்த் தட்டை வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, தலையாட்டினேன். அவர் சொன்னதைப் பல வருடங்களாக நானும் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் காரணம்.

வேலை கிடைத்த முதல் வருடம், வீட்டில் கேட்டால் திட்டு விழும் விலை கொடுத்து ராபர்ட் ஜான்சனின் இரட்டைக் குறுந்தகட்டுத் தொகுப்பை வாங்கினேன். அதே சமயம் ஊரைவிட்டுப் போகவிருந்த தோழி ஒருத்தி பெஸ்ஸி ஸ்மித்தின் தொகுப்பைச் சும்மாவே தர முன்வந்தாள். "வேண்டாம், அது கொஞ்சம் வணிக இசை" என்றேன். முனைவர் பட்டம் பெற்றவள், பெண் எழுத்து பற்றி மேடையில் பேசுகிறவள் சொன்ன சொல் அது. ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்காமல் அதை எங்கே கற்றேன்? ஜான்சனின் தொகுப்போடு வந்த உறைக்குறிப்புகளில், அவற்றை எழுதியவர்களின் புத்தகங்களில், அவர்களைப் படித்தவர்களின் பேச்சில் கற்றேன்.

நடந்தது என்ன என்று பார்ப்போம். 1920 ஆகஸ்ட் 10, நியூயார்க். ஓகே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் 'கிரேஸி ப்ளூஸ்' பாடிப் பதிவு செய்கிறார். கறுப்பினப் பெண்ணின் குரலில் தட்டில் ஏறிய முதல் ப்ளூஸ் பாட்டு. கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று அதுவரை எந்த முதலாளியும் நம்பவில்லை. பாட்டை எழுதிய பெரி பிராட்ஃபோர்ட் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கித்தான் அந்தப் பதிவுக்கு வழி செய்தார். தட்டு விற்ற வேகத்தைக் கண்டதும் எல்லா நிறுவனங்களும் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. 1923இல் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியாவுக்கும் மா ரெய்னி பாரமவுண்டுக்கும் பாடத் தொடங்கினார்கள். தனியாகக் கிதார் வாசித்துப் பாடும் ஆண்களை நிறுவனங்கள் பெரிய அளவில் தேடியது, 1926இல் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் தட்டுகள் விற்ற பிறகுதான். அதற்கு முன் சில ஆண்டுகள் கடைக்குப் போய் ப்ளூஸ் கேட்டவருக்குக் கிடைத்தது பெண்குரல்.

இது எப்படித் தலைகீழானது?

பாரமவுண்ட் இசைக்கம்பெனியே அல்ல. விஸ்கான்சினில் நாற்காலி செய்த ஒரு நிறுவனத்தின் கிளை. கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி விற்கத் தட்டு வேண்டியிருந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடையை மூடியபோது மூல உலோக அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. ஆகவே இன்று நாம் கேட்கும் மா ரெய்னியின் குரல், யாரோ ஒரு வீட்டில் ஊசி உழுது உழுது தேய்ந்த அரக்குத் தட்டிலிருந்து எடுத்தது. தட்டு வைத்திருந்தவரின் தயவில்லாமல் மறுவெளியீடு இல்லை. வைத்திருந்தவர்களோ 1940களிலிருந்து 60கள் வரை நியூயார்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த, பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்கள். ப்ரூக்ளினில் ஒற்றை அறை விடுதியில் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் தட்டுகளை வைத்திருந்த ஜேம்ஸ் மெக்கூன் அவர்களில் மூத்தவர். அவருடைய ரசனை அந்தச் சிறு வட்டத்தின் சட்டமானது. அந்த வட்டத்திலிருந்து சிறு மறுவெளியீட்டு நிறுவனங்கள் கிளம்பின. 1961இல் கொலம்பியா ராபர்ட் ஜான்சனின் பாட்டுகளை நெடுந்தட்டாக வெளியிட்டபோது தலைப்பிலேயே அவரை அரசனாக்கியது. அதைக் கேட்டு வளர்ந்த இங்கிலாந்துப் பையன்கள் கிதாரைக் கையில் எடுத்தார்கள். ப்ளூஸ் என்றால் நாற்சந்தியில் நள்ளிரவில் பிசாசுக்கு ஆன்மாவை விற்ற தனியன் என்றானது.

ஜான்சன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1936இலும் 37இலும் டெக்சாஸில் அவர் பதிவுசெய்த 29 பாட்டுகளும் எனக்கு மனப்பாடம். அவரை அரசனாக்கிய கணக்குதான் என் பிரச்சினை.

சேகரிப்பாளரின் சந்தையில் விலை அபூர்வத்துக்கு. பெஸ்ஸியின் தட்டு கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது, எனவே மலிவு. விற்காமல் போன ஓர் ஆணின் தட்டு உலகில் நாலே பிரதி, எனவே பொக்கிஷம். விலைப்பட்டியல் மெல்ல மெல்லத் தரப்பட்டியலாக மாறியது. அந்தத் தட்டுகளை உழைத்த காசில் வாங்கியவர்களில் வெள்ளாவி வைத்தவர்கள், அடுப்படி வேலை பார்த்தவர்கள் என்று எத்தனையோ பெண்கள். அவர்கள் தேயத் தேயக் கேட்டது 'வணிகம்' ஆயிற்று. அவர்கள் வாங்காமல் விட்டது 'அசல்' ஆயிற்று. கேட்டவளின் காது தீர்ப்பிலிருந்து நீக்கப்பட்டது. நான் தமிழ் படித்தவள். ஒரு நூலுக்குச் சுவடிகள் பல கிடைத்தால் பதிப்பாசிரியர் மகிழ்வார். பல கைகள் விரும்பிப் படியெடுத்த நூல் என்பதற்கு அது சான்று. நிறையச் சுவடி கிடைத்ததால் இது தாழ்ந்த நூல் என்று எழுதும் ஒருவரை எங்கள் துறையில் ஆய்வேட்டுக்குக்கூட அனுமதிக்க மாட்டோம்.

'வணிகம்' என்று ஒதுக்கப்பட்டதில் என்ன இருந்தது? அடிக்கும் கணவன் இருந்தான், விட்டுப் போகும் ரயில் இருந்தது, சிறை, வெள்ளம், பசி இருந்தன. 1928இல் பெஸ்ஸி, ஊரார் துணி வெளுக்கும் பெண்ணின் அலுப்பை ஒரு முழுப் பாட்டாகப் பாடினார். அதே ஆண்டு மா ரெய்னியின் 'ப்ரூவ் இட் ஆன் மீ ப்ளூஸ்' வந்தது: ஆண் உடையில் திரிவதையும் பெண்களையே நாடுவதையும் மறைக்காத பாட்டு. பாரமவுண்டின் விளம்பரமே அவரைக் கோட்டும் தொப்பியுமாய் இரண்டு பெண்களோடு பேசுகிறவராக, ஒரு போலீஸ்காரர் தள்ளி நின்று பார்ப்பதாக வரைந்திருந்தது. 1928இல்! இன்று நம் வகுப்பறையில் இந்தப் பாட்டைப் பற்றிப் பேச நான் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. ஏஞ்சலா டேவிஸ் 1998இல் வெளியிட்ட 'ப்ளூஸ் லெகசிஸ் அண்ட் பிளாக் ஃபெமினிசம்' நூலுக்காக மா ரெய்னி, பெஸ்ஸி இருவரின் பாட்டுகளையும் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கினார். ஓர் ஆணின் கிதார்ச் சுருதி என்ன என்று பக்கம் பக்கமாக வாதாடிய உலகத்தில், பெண் பாடிய சொல் என்ன என்று பார்க்க ஒரு பெண்ணியவாதி உட்கார வேண்டியிருந்தது.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெஸ்ஸி கொலம்பியாவுக்குப் பாடியவை ஏறத்தாழ 160. பாட்டுக்கு இவ்வளவு என்று கைக்காசு. விற்பனையில் பங்கு கிடையாது. 1937இல் விபத்தில் இறந்தார். கல்லறைக்குக் கல் வந்தது 1970இல், அதுவும் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஹுவானிட்டா கிரீனும் பணம் போட்டதால். அவர் பாடியது அனைத்தையும் கொலம்பியா மறுவெளியீடாகக் கொண்டுவரத் தொடங்கியதும் அதே 1970. மா ரெய்னி 1939இல் இறந்தபோது சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதினார்கள்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு கதையில். 1930இல் பாரமவுண்டின் கிராஃப்டன் பதிவுக்கூடத்தில் இரண்டு கறுப்பினப் பெண்கள் கிதாருடன் பாடினார்கள். தட்டில் இருந்த பெயர்கள் கீஷி வைலி, எல்வி தாமஸ். மொத்தம் ஆறு பாட்டு. 'லாஸ்ட் கைண்ட் வேர்ட்ஸ் ப்ளூஸ்' அதில் ஒன்று. ஆண்களின் அசல் இலக்கணத்துக்குள்ளும் இது அடங்கும். கிதார் உண்டு, பேண்டு இல்லை, பிரதிகள் விரல்விட்டு எண்ணலாம். ஆகவே கொண்டாடினார்கள். மறுவெளியீட்டுக்கு மேல் மறுவெளியீடு, 'கிரம்ப்' என்ற ஆவணப்படத்தில்கூட ஒலித்தது. யார் இவர்கள் என்பது மர்மம் என்று குறிப்புக்குக் குறிப்பு எழுதினார்கள். மர்மம் விற்கும் சரக்கு.

மர்மமே இல்லை. 1961இல் ஹூஸ்டனில் மாக் மெக்கார்மிக் என்ற ஆய்வாளர் தாமஸை நேரில் சந்தித்துப் பேட்டி எடுத்திருந்தார். அவர் பெயர் எல்வி அல்ல. எல், வி என்ற இரண்டு எழுத்துகள்தான் பெயரே. தட்டு அச்சிட்டவர்கள் அதைப் பெண் பெயராக்கிவிட்டார்கள். பேட்டி மெக்கார்மிக்கின் கோப்புகளில் கிடந்தது. தாமஸ் 1979இல் இறந்துபோனார். 2014இல் ஜான் ஜெரமையா சல்லிவன் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதியபோதுதான் உலகம் அதை அறிந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள்! மெக்கார்மிக் மனநோயோடு போராடியவர், அதை மறைத்ததும் இல்லை. அந்த மனிதர்மேல் கல்லெறிய எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பெண் உயிரோடு, விலாசத்தோடு இருந்த பதினெட்டு ஆண்டுகளில் அவர் பாட்டு மட்டும் அநாதைப் பாட்டாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. பொருளைச் சேர்ப்பவனுக்குப் பொருளின் ஆள் தேவைப்படுவதில்லை.

"இவர்கள் சேர்க்காவிட்டால் ஒன்றுமே மிஞ்சியிருக்காதே" என்பார்கள். உண்மை. குப்பைக்குப் போகவிருந்ததைக் காப்பாற்றினார்கள். அந்தக் கடன் எனக்கும் உண்டு. ஆஸ்திரியாவில் யோஹான் பார்த் தொடங்கிய டாக்குமெண்ட் நிறுவனம் பிடித்தது பிடிக்காதது பார்க்காமல் ஒவ்வொருவர் பதிவையும் கால வரிசையில் போட்டது. ஓரிரு தட்டோடு காணாமல் போன பாடகிகளையெல்லாம் அகரவரிசையில் தனித் தொகுதிகளாக்கியது. அங்கே மாலைகள் ஒரு கழுத்தில் மட்டும் விழவில்லை. சேகரிப்பு தவறில்லை. சேர்த்தவனே தீர்ப்பும் எழுதுவதுதான் தவறு. தொகை என்பது தேர்வு, தேர்வு என்பது அதிகாரம். சங்கப் பாடல்களில் தொடங்கி இதையே இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தும், குறுந்தகட்டு உறையைப் படிக்கையில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

வேறு மாதிரியும் சேர்க்கலாம் என்று காட்டியவர் ரொசெட்டா ரைட்ஸ். மாதவிடாய் நிற்பது பற்றி 1977இல் புத்தகம் எழுதிய நியூயார்க் பெண்ணியவாதி. தோழிகளிடம் கடன் வாங்கித் தன் பெயரிலேயே ரொசெட்டா ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். தொகுப்பது, குறிப்பு எழுதுவது, படம் தேடுவது, பெட்டி கட்டி அனுப்புவது எல்லாம் அவர் கைதான். பெண்களின் ரயில் ப்ளூஸ் ஒரு தட்டு, யாருக்கும் அடங்காத பெண்களின் ப்ளூஸ் ஒரு வரிசை, 'இண்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' என்ற பெண்கள் ஜாஸ் குழுவுக்கு ஒரு தட்டு. எத்தனை பிரதி மிஞ்சியது என்று அவர் கேட்கவில்லை. இந்தப் பெண்கள் எதைப் பற்றிப் பாடினார்கள் என்று கேட்டார். கேள்வி மாறியதும் அடுக்கு மாறிவிட்டது.

எனக்கும் ஜாஸ் தட்டுகளில் பியானோ பக்கம் காது போனது அதன் பிறகுதான். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் பதிவுகளை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அதில் பியானோ லில் ஹார்டின். உறையில் 'ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி' என்று படித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். பாரமவுண்டில் பாடகி பாடகியாய்ப் பக்கவாத்தியக் குழுவை நடத்திய லவி ஆஸ்டின், பெஸ்ஸியின் முதல் வெற்றிப் பாட்டான 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்' இசையமைத்தவர். சொற்கள் ஆல்பர்ட்டா ஹண்டருடையவை. இரண்டு பெண்கள் ஆக்கியதை மூன்றாவது பெண் பாடினாள். இது எந்த நாற்சந்தியில் நடந்த மாயம்?

தமிழ் வாசகிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். கிராமபோன் நம் ஊருக்கு வந்தபோதும் அந்தக் குழாய்முன் முதலில் நின்றவர்களில் கோயம்புத்தூர் தாயியும் சேலம் கோதாவரியும் தனகோடி அம்மாளும் உண்டு. அவர்கள் தட்டுகளும் இன்று யாரோ சில ஆண்களின் அலமாரிகளில்தான். அது தனிக் கட்டுரை. சாவி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தோழி தர முன்வந்த பெஸ்ஸி தொகுப்பைப் பல வருடம் கழித்து முழு விலை கொடுத்து வாங்கினேன். 1923இல் பதிவானவை அமெரிக்காவில் 2024இலேயே பொதுவுடைமை ஆகிவிட்டன, காசில்லாமலும் கேட்கலாம். மாணவிகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். சென்ற முறை அந்த மாடிக்குப் போனபோது தொகுப்பையும் எடுத்துப் போயிருந்தேன். தேநீரோடு வந்த அந்த அம்மாவிடம், "உட்காருங்கக்கா, ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க" என்றேன். படிக்கட்டு ஓரம் உட்கார்ந்தார். 'வாஷ்வுமன்ஸ் ப்ளூஸ்' போட்டேன். ஊரார் துணியெல்லாம் துவைக்கிற பெண் பாடுவது என்றேன்.

"மெஷின் வராத காலமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பாட்டு முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.