கார் பழுதும் வியாபாரி கணக்கும்



கோட்டாறு சந்தையில் ஒரு மூடை துவரம்பருப்பு எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கையில் அள்ளிப் பார்க்கிறோம். நாலு கடையில் விலை கேட்கிறோம். எடை போட்டுப் பார்க்கிறோம். பில்லில் கிலோவுக்கு ஐம்பது காசு கூடியிருந்தாலும் விடமாட்டோம். அதே நாம் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஏ.சி. அறையில் போய் உட்கார்ந்ததும், நீட்டுகிற எஸ்டிமேட்டில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு விடுகிறோம். வியாபாரிக்கு இது அழகா?

நமது வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். ஐந்து வருடம் ஓடிய சிறிய கார். மாதம் ஒருமுறை வயதான தகப்பனாரைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அதில்தான். முன்பக்கம் ‘கடகட’ என்று சத்தம் வரவே, டீலரிடம் விட்டோம். மாலையில் எஸ்டிமேட் வந்தது: 62,400 ரூபாய்! கிளட்ச் செட் 14,800, ஷாக் அப்சார்பர் இரண்டு 11,600, லோயர் ஆர்ம் இரண்டு 9,200, பிரேக் பேட் 3,400, ஏ.சி. வேலை 4,900, எஞ்சின் கார்பன் நீக்கம் 3,500, வீல் அலைன்மென்ட் 1,500, கூலி 13,500. “இப்படியே ஓட்டினால் வழியில் என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை” என்றும் சொன்னார்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பயத்தில் பேனாவைக் கையில் எடுத்தே விட்டோம்.

ஆனால் வியாபாரப் புத்தி தடுத்தது. எஸ்டிமேட்டை வாங்கிக்கொண்டு, வெகுநாள் பழக்கமான ஒர்க் ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னோம். ஒரு பக்க லோயர் ஆர்ம் புஷ் போயிருந்தது. சத்தத்துக்குக் காரணம் அதுதான். பிரேக் பேட் தேய்ந்திருந்தது. அதில் டீலர் சொன்னது சரியே. ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவே இல்லை. கிளட்ச் இன்னும் ஓடும் என்றார் மெக்கானிக். கம்பெனிப் பொருளையே வாங்கிப் போட்டும் மொத்தச் செலவு 11,350 ரூபாய். பத்து மாதம் ஆகிறது. மாதம் தவறாமல் வண்டி திருவனந்தபுரம் போய் வருகிறது.

டீலர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் வாடகை, சம்பளம், விலை கூடிய கருவிகள் என்று செலவு உண்டு. ரோட்டோர ஒர்க் ஷாப் எல்லாம் யோக்கியம் என்பதும் இல்லை. போலிப் பொருளை மாட்டி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் போன்ற உயிர் காக்கும் பாகங்களில் விலை குறைவு பார்ப்பது பெரும் பிழை. நாம் கேட்பதெல்லாம், இன்று அவசியம் எது, ஆறு மாதம் பொறுக்கக் கூடியது எது என்று பிரித்துச் சொல்லுங்கள் என்பதுதான்.

இந்தக் குறை நம்முடையது மட்டும் அல்ல. 2011-இல் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் கார் கம்பெனிகள் தம் டீலர்களிடமே முடக்கி வைத்ததும், அதனால் வெளி ஒர்க் ஷாப்புகள் நசுங்கியதும் அதில் தெரிய வந்தன. பல பாகங்கள் அடக்க விலையைவிட நூறு சதவீதத்துக்கும் மேல் ஏற்றி விற்கப்பட்டன. பத்து சதவீத லாபத்துக்குத் தவிக்கும் மளிகைக்காரர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, மாருதி, டாடா, ஹோண்டா, டொயோட்டா உள்பட 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். பாகங்களை வெளிச்சந்தையில் விற்க வேண்டும், வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீடு, கோர்ட் என்று போயின. 2016 டிசம்பரில் மூன்று கம்பெனிகளின் மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் அபராதக் கணக்கைக் குறைத்தது. ஆனால் செய்தது தவறு என்பதை உறுதி செய்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. எஸ்டிமேட்டை எழுத்தில், பாகத்தின் நம்பரோடும் கூலியைத் தனியாகவும் கேட்டு வாங்குவோம். கம்பெனி கொடுத்த சர்வீஸ் புத்தகத்தில் இல்லாத வேலை ஏன் என்று கேட்போம். உதிரி பாகப் பொட்டலத்தின் மேல் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும், நம் கடைச் சரக்கைப் போல அதையும் பார்ப்போம். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வோம். நம்மைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், பழைய 28 சதவீதம் போட்டிருந்தால் விடக் கூடாது. சொந்த உபயோகக் கார் பழுதுக்குக் கட்டும் வரியை நம் கடைக் கணக்கில் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இன்னொரு யோசனையும் உண்டு. நமது சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைப்போம். எஸ்டிமேட் எவ்வளவு, கடைசியில் ஆன செலவு எவ்வளவு என்று உறுப்பினர்கள் எழுதி வைக்கட்டும். தக்கலையில் கேட்ட விலையும் மார்த்தாண்டத்தில் கேட்ட விலையும் ஒரே பக்கத்தில் தெரிந்தால், அடுத்தவர் பயமில்லாமல் பேசலாம்.

கடைசியாக ஒன்று. சர்வீஸ் சென்டரில் விவரம் புரியாமல் நாம் விழித்தது போலத்தான், நம் கடையில் கணக்குத் தெரியாத ஒரு பாட்டி பில்லைப் பார்த்து விழிக்கிறார். அவருக்கு ஒவ்வொரு சாமானாக விலையைச் சொல்லி விளக்குகிற வியாபாரிக்கே, மற்றவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.