தாழ்வு பிறப்பிலன்று, பயிற்றுமொழியில்!

பிள்ளைப்பாக்கத் தொழிற்பூங்காவில் உழைப்பவர் மகள், தமிழ்வழி பயின்று, மருத்துவக் கல்லூரி புகுகின்றாள் என்க. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிற்று. வாயில் திறந்தது, அவள் வாய் திறந்ததா? வகுப்பில் ஆங்கிலமே ஆள்கிறது. ஐயம் எழுந்தும் வினவ நாணுகிறாள். ஆங்கிலம் பேசும் மனையிற் பிறந்தவன் எழுந்து விடை கூறக் கண்டு, தன்னைத் தானே தாழ்வென எண்ணுகிறாள். குறை அவள் அறிவிலா? தந்தையின் தொழிலிலா? அன்று, தமிழை வெளியே நிறுத்திய கல்வியில்!

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதா? நோயாளி தமிழில்தானே தன் நோவை உரைக்கிறான்? தமிழ்மக்களே, மருத்துவக் கல்வியைத் தமிழில் கேளுங்கள்! நம் பிள்ளைகள் தலைநிமிர்வர்.