டீசல் சிக்கனம் டிரைவரின் தலையில் மட்டும்தானா?

சித்தூரிலிருந்து வேலூருக்கோ, பலமனேர் வழியாகக் கோலாருக்கோ போகும் லாரிகள், எல்லை தாண்டியதும் முதல் வேலையாக டாங்கை நிரப்பிக்கொள்வதை நாம் அறிவோம். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் டீசல் விலை ஆந்திரத்தைவிடக் குறைவு. லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் என்றால் யார்தான் விடுவார்கள்? இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் விலையில் இவ்வளவு கருத்தாக இருக்கிற நாம், அளவில் அதே கருத்தைக் காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 1,500 லிட்டர் வேண்டும். அதுவே நாலேகால் கிலோமீட்டர் கொடுத்தால் 1,412 லிட்டர் போதும். கால் கிலோமீட்டர் வித்தியாசத்தில் மாதம் 88 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இது ஏறத்தாழ 8,000 ரூபாய். ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகைக்கு ஆகும் பணம் புகையாகப் போகிறது என்று அர்த்தம்.

இந்தப் பணத்தை மிச்சப்படுத்தும் வழிகள் புதியவை அல்ல. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களிலேயே ஏறக்குறைய நான்கு மடங்கானபோது உலகமே விழித்துக்கொண்டது. நம் நாட்டிலும் 1978ல் பெட்ரோலியப் பொருள் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் ஏற்பட்டது. வேகத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள், வண்டி நிற்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள் என்று அன்று முதல் சொல்லி வருகிறார்கள். இன்றும் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஆகவே அந்தப் புத்திமதி பழசாகிவிடவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் புத்திமதி முழுவதும் டிரைவருக்கே சொல்லப்படுகிறது. மைலேஜ் குறைந்தால் அவருடைய பேட்டாவில் பிடித்தம். கூடினால் லாபம் முதலாளிக்கு. இது நியாயமும் அல்ல, பலன் தருவதும் அல்ல.

ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குப் போதிய காற்று கிடைக்காது. டீசல் முழுவதும் எரியாமல் கரும்புகையாகப் போகும். ஃபில்டர் வாங்கித் தர வேண்டியவர் முதலாளி. டயரில் காற்று குறைந்தால் உருள்வதற்கு அதிக இழுவை வேண்டும். டயரும் சீக்கிரம் தேயும். ஆனால் ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் லோடு ஏற்றச் சொன்னது டிரைவர் அல்ல. வேகம் கூடக் கூட எதிர்க்காற்றை வெல்லவே அதிக டீசல் போகும். ஆனால் "விடிவதற்குள் கோயம்பேட்டில் நிற்க வேண்டும்" என்று போனில் விரட்டுவது யார்? சித்தூர் வட்டாரத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில், பருவத்தில் கிளிமூக்கு மாங்காய் லோடுகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. ஐந்து நிமிடத்திற்கு ஒரு தடவை வண்டியை நகர்த்தச் சொன்னால் டிரைவர் எஞ்சினை எப்படி அணைப்பார்? முன்கூட்டியே டோக்கன் கொடுத்து நேரம் குறித்துக் கூப்பிட்டால் அந்த டீசல் மிஞ்சும். அதைச் செய்ய வேண்டியவர் தொழிற்சாலைக்காரர்.

பிடித்தத்திற்குப் பயந்து டிரைவர் செய்யும் சிக்கனம் சில சமயம் உயிருக்கே உலை வைக்கும். மலை இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் டீசல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும்; டீசல் அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்கே டீசல் செலவாகும். எஞ்சினின் பிடிப்பும் போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டாலோ ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறுவதும் நின்றுபோகும். மொகிலி மலைப்பாதையில் லோடு வண்டி இறக்குகிறவர்களும், திருமலையிலிருந்து யாத்திரிகர்களை இறக்கி வருகிறவர்களும் இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை நிமிடத்திற்கு முன் கீழே வரக்கூடாது என்று தேவஸ்தானம் திருமலைப் பாதையில் நேரம் விதித்திருப்பது வீணுக்கு அல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் கணக்கு வேண்டும். அரசு பஸ் கழகங்களில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பது நெடுநாளைய வழக்கம். நம் லாரி ஆபீஸ்களில் டீசல் பில் இருக்கும், கிலோமீட்டர் இருக்காது. இங்கே வேலை செய்யும் நம் குமாஸ்தாக்கள் மனம் வைத்தால் இதை மாற்ற முடியும். ஒவ்வொரு முறையும் டாங்கை முழுக்க நிரப்பி, மீட்டர், லிட்டர், லோடு, பாதை நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஃபில்டர் மாற்றிய தேதியும் டயர் காற்றுப் பார்த்த தேதியும் பக்கத்தில் இருக்கட்டும். மைலேஜ் திடீரென்று விழுந்தால் காரணம் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரே பாதையை ஒரே பாதையோடுதான் ஒப்பிட வேண்டும். பலமனேர் சித்தூரைவிட முந்நூறு மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே லோடு ஏற்றிப் போன வண்டியிடம், புத்தூர், திருத்தணி வழியாகச் சென்னை போன வண்டியின் மைலேஜைக் கேட்பது அடாது.

இரண்டாவது, பங்கு வேண்டும். மூன்று மாதச் சராசரியை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் மிஞ்சும் டீசலின் விலையில் பாதியை டிரைவருக்குக் கொடுக்கட்டும். மைலேஜ் குறைந்தால், மெக்கானிக் வண்டியைப் பார்த்துக் குறை ஏதும் இல்லை என்று சொல்லும் வரை பிடித்தம் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி பாதி கொடுத்த பிறகும் முதலாளிக்கு மாதம் 4,000 ரூபாய் மிஞ்சும். ஃபில்டர் விலை அதில் எத்தனையில் ஒரு பங்கு?

ஊரை விட்டு வந்து, சொந்த வண்டி இல்லாமல் பிறர் வண்டியை ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நம்மவர்களில் அநேகர். வண்டியைத் தன் வண்டிபோல ஓட்டு என்று அவர்களிடம் சொல்கிறார்கள். நல்ல வார்த்தைதான். மிச்சத்திலும் தன் பங்கு உண்டு என்று தெரிந்தால், அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியமே இராது.