காக்கியைக் கண்டால் ஓடும் பிள்ளை

வீட்டைத் துறந்து ஓடிவரும் பிள்ளை பெரும்பாலும் இறங்குமிடம் இரயில் நிலையம். அங்கே அவனை எதிர்பார்த்து ஆட்கள் நிற்கிறார்கள்: கூலியில்லா வேலையாள் தேடும் கடைக்காரர், பெண்பிள்ளையாயின் அதனினும் கொடிய தரகர். இவர்களுக்கு இலாபமே மானியம். காக்க வருவோர்க்கோ அரசின் மானியமன்றி வேறு வழியில்லை.

1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கிய 1098 என்னும் தொலைபேசி உதவி, பின்னர் மைய அரசின் பொருளுதவியோடு நாடெங்கும் பரவியது. அழைத்தால் வந்து நின்றவர்கள் தொண்டு நிறுவனத்தார். சீருடையில்லை, தடியில்லை.

2023இல் அரசு இப்பணியைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்கீழ் 1098ஐ, காவல், தீயணைப்புக்கான 112 என்ற அவசர எண்ணுடன் இணைக்கலாயினர். விரைவு கருதியாம்! தீப்பற்றினால் விரைவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நடைமேடையில் உறங்கும் சிறுவனைத் தடியால் தட்டி எழுப்புவது எந்தச் சீருடை? அதுவே வந்து நிற்கக்கூடும் என்று அஞ்சுபவன் அந்த எண்ணை அழைப்பானா?

தொண்டு நிறுவனங்கள் யாவும் தூயவை என்று நாம் வாதிடவில்லை. மானியத்துக்காகவே பெயர்ப்பலகை மாட்டியோரையும் நாம் அறிவோம். மானியம் அமானிதம், கணக்கைக் கடுமையாகவே கேட்கட்டும், பொய்க்கணக்கு எழுதியவனைச் சிறைக்கும் அனுப்பட்டும். அவனை விலக்குவது வேறு. பல்லாண்டு தெருவில் நின்று பிள்ளைகளின் முகக்குறிப்பைப் படிக்கக் கற்றவர்களையும் சேர்த்து விலக்குவது வேறு.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, ஆதரவற்ற பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டுசெல்லும் உரிமையைக் காவலர்க்கு மட்டுமன்றித் தொண்டு நிறுவனத்தார்க்கும் அளித்திருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அழைத்துச்செல்ல வண்டிச்சத்தம் யார் தருவது?